ஈறுகளை அல்ட்ராசவுண்டில் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் மருத்துவத்தில் அல்ட்ராசவுண்ட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பல் காரையை எடுக்கும் ஸ்கேலர்தான். அது ஏறத்தாழ 25 முதல் 45 கிலோஹெர்ட்ஸ் வரை அதிர்ந்து காரையைப் பெயர்த்தெடுக்கிறது. ஈறைப் படம் பிடிக்கும் கருவியோ மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. இதில் கதிர்வீச்சு கிடையாது. எக்ஸ்ரேயில் பல்லின் நிழலோடு கலந்து மறைந்துபோகும் கன்னப் பக்க எலும்பின் விளிம்பும், எக்ஸ்ரே காட்டவே காட்டாத ஈறின் தடிமனும் இதில் தெரிகின்றன. இத்தனை பயனுள்ள படத்தைக் கவனக்குறைவாக எடுத்தால், நோயுள்ள ஈறும் நலமாக இருப்பதுபோலத் தோன்றிவிடும்.

முதல் தவறு, வயிற்றைப் பார்க்கும் புரோபே (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைப்பகுதி) போதும் என்று எண்ணுவது. உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்பதால், 5 மெகாஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்; 25 மெகாஹெர்ட்ஸில் 0.06 மில்லிமீட்டர். பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே தடிமன் கொண்ட ஈறில், முன்னதை வைத்து நுட்பமாக எதையும் அளக்க இயலாது. வாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறிய, உயர் அதிர்வெண் கொண்ட புரோப் தேவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அழுத்துவது. படம் மங்கலாக இருந்தால் புரோபைச் சற்று இறுக்கிப் பிடிப்பது கையின் இயல்பு. வயிற்று ஸ்கேனில் அது உதவவும் செய்யும். ஈறுக்கு அடியில் பல்லும் எலும்பும் இருப்பதால், அழுத்தப்பட்ட ஈறு விலக வழியின்றி நசுங்குகிறது. திரையைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். சரியாகப் பிடித்த படத்தில், மேலே ஜெல் கறுப்புப் பட்டையாகவும், அதற்குக் கீழே ஈறு சாம்பல் நிற ஆப்பு வடிவிலும், அதற்கும் கீழே பல்லின் பரப்பு பளீரென்ற வெள்ளைக் கோடாகவும் தெரியும். கை இறுகும்போது முதலில் கறுப்புப் பட்டை மறையும். பிறகு சாம்பல் ஆப்பு மெலியும். கலர் டாப்ளர் ஓடிக்கொண்டிருந்தால், இரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ணப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும். அழற்சியால் இரத்தம் பெருகி நிற்கும் ஈறில்கூட இப்படித்தான் நடக்கும். ஆகவே அந்தக் கறுப்புப் பட்டை திரையில் தெரியாத படத்திலிருந்து எந்த அளவையும் எடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஜெல்லிலும் கவனம் வேண்டும். புரோபின் உறைக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலே ஒலி அங்கேயே திரும்பிவிடும்; அதற்குக் கீழே விழும் நிழலைத் திசுவின் குறைபாடு என்று படிக்க நேரிடும். உறைக்கு உள்ளேயும் வெளியேயும் ஜெல் இட்டு, குமிழிகளை விரலால் தள்ளி அகற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

கோணம் சாய்ந்தால் எலும்பின் விளிம்பு மங்கும். எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடத்துக்கும் எலும்பின் விளிம்புக்கும் உள்ள தூரம் நலமான வாயில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும். எலும்பு தேய்ந்திருந்தால் இது கூடும். பல்லின் நீளவாக்கில் இல்லாமல் குறுக்குச் சாய்வாக எடுத்த படத்தில் இதே தூரம், இல்லாத எலும்பிழப்பை இருப்பதாகக் காட்டக்கூடும்.

படத்தைப் படிப்பதிலும் இடறல்கள் உண்டு. நீர் கோத்து வீங்கிய ஈறு பொதுவாகக் கறுத்துத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, குறைத்து வைத்தாலும் படம் முழுவதும் கறுக்கும். ஒரே அமைப்பில் எடுத்த பக்கத்துப் பல்லின் ஈறோடு ஒப்பிடாமல் வீக்கம் என்று முடிவு கட்டுவது பிழை. டாப்ளரில் உதடோ தாடையோ அசைந்தாலும் வண்ணம் மின்னும். புகைப்பிடிப்பவரின் ஈறில் அழற்சி இருந்தும் இரத்தக்கசிவு குறைவாகத் தெரிவது வழக்கமானதால், வண்ணம் குறைந்திருப்பதை மட்டும் நம்பி நலம் என்று எழுதிவிடக் கூடாது.

இனி, ஈறுக்கும் பல்லுக்கும் இடையே செருகி ஆழம் பார்க்கும் அளவுக் கம்பியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்ற எண்ணம். குத்தும் வலிக்குப் பயப்படும் நோயாளிகள் ஸ்கேன் மட்டும் போதாதா என்று கேட்பதில் வியப்பில்லை. ஆனால் ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பையின் சுவர்கள் ஒட்டியே கிடப்பதால், சாதாரண அல்ட்ராசவுண்டில் அதன் ஆழத்தைத் தெளிவாகப் பிரித்தறிவது கடினம். இதனால்தான் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணவாய் மையைப் பைக்குள் செலுத்தி, லேசர் ஒளியால் ஒலி எழுப்பி ஆழத்தை அளக்கும் முறையை முயன்றார்கள். பற்களுக்கு இடையிலான இடுக்குகளுக்குள்ளும் ஒலி எளிதில் எட்டுவதில்லை. ஈறு நோய் அதிகம் தங்குவதோ அங்கேதான். 3 மில்லிமீட்டர் வரையிலான பை ஆழம், தொட்ட இடங்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில் மட்டும் இரத்தக்கசிவு என நலத்தை வரையறுக்கும் அளவுகோல்கள் இன்றும் கம்பியால் எடுத்த அளவுகளையே சார்ந்திருக்கின்றன.

சிகிச்சைக்குப் பின் மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது, எந்தப் பல், எந்தப் பக்கம், என்ன அதிர்வெண், என்ன கெயின் என்பவை முதல் முறையே குறித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், இரண்டு படங்களுக்கு இடையே தெரியும் மாற்றம் ஈறில் நேர்ந்ததா, கருவியின் அமைப்பில் நேர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.