சிறு குழந்தைகளின் விபத்து மரணம்: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கடற்கரை ஊரில் கேட்டாலும், சின்னப் பிள்ளையைக் கடல் பக்கம் விடாதே என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் முதல் எச்சரிக்கையாக இருக்கும். அதில் பிழையில்லை. ஆனால் நடக்கப் பழகிய ஒரு வயதிலிருந்து நான்கைந்து வயது வரை உள்ள குழந்தையின் உலகம் அடுப்படி, முற்றம், கொல்லை, பக்கத்து வீட்டு வாசல் என்ற அளவில்தான் இருக்கிறது. வங்கதேசத்தில் இந்த வயதுக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறந்ததை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள், தாய் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் நேரத்தில் நடந்தவை என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்த சுமார் 3 லட்சம் பேரில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் தொட்டியில் விழுந்து பிள்ளை இறப்பதா என்று கேட்கலாம். பஞ்சம்தான் அதற்கு வழி செய்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் விட்டு விட்டு வருகிறது. மற்ற நாட்களில் டேங்கர் லாரியை எதிர்பார்க்க வேண்டும், அல்லது தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீர் இருக்கும் இடம் வரை போய்வர வேண்டும். அப்படிக் கிடைத்ததைச் சேமிக்க ஒவ்வொரு வீட்டிலும் தரைக்கடியில் ஒரு சம்பு, குளியலறை ஓரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி, வாசலில் நீல நிற பிளாஸ்டிக் டிரம், அடுப்படியில் அண்டா என்று நீர் நிறைந்த பாத்திரங்கள் குழந்தையைச் சுற்றி நிற்கின்றன. குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும் ஊர்க்காரருக்கு இவ்வளவு பாத்திரங்கள் தேவைப்படாது.

ஆழமான தண்ணீர்தான் ஆளைக் கொல்லும் என்று நினைப்பது நாம் செய்யும் முதல் தவறு. உடலின் அளவோடு பார்த்தால் சிறு குழந்தையின் தலை கனமானது. வாளிக்குள் விழுந்த பொம்மையை எடுக்கக் குனியும் குழந்தை தலைகுப்புறச் சாய்ந்துவிட்டால், கையை ஊன்றி எழும் வலு அதற்குக் கிடையாது. மூக்கும் வாயும் முங்கும் அளவுக்கு, அதாவது இரண்டு அங்குலம் தண்ணீர் இருந்தாலே போதும். கத்தும், கை காலை அடித்துக்கொள்ளும், சத்தம் கேட்டு ஓடிப்போகலாம் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். மூச்சுக்குத் திணறும் குழந்தையால் கத்த முடியாது. மூச்சு நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். எனவே துணி அலசிய வாளியை உடனே கவிழ்த்து வைப்பதும், டிரம்முக்குத் திருகு மூடி போடுவதும், குளியலறைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைப்பதும் செலவில்லாத, ஆனால் தினமும் செய்யவேண்டிய வேலைகள். அலசிய தண்ணீரைக் கீழே ஊற்ற மனம் வராத ஊர் இது என்பது எனக்குத் தெரியும். செடிக்கோ கழிவறைக்கோ வேண்டுமென்றால் அதை மூடியுள்ள டிரம்மில் ஊற்றி வைத்துக்கொள்ளலாம்; திறந்த வாளியில் விட்டுவைக்கக் கூடாது.

சம்பின் மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது கொத்தனார் ஒரு தகர மூடியோ இரும்புத் தகடோ போட்டுக் கொடுத்துவிடுவார். மதுரைப் பக்கம் பத்து ஆண்டுகள் தாங்கும் தகடு, நம் உப்புக்காற்றில் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே ஓரம் பொரிந்து உதிரத் தொடங்கும். மேலே அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கும், அடியில் துரு தின்றிருக்கும். எங்கள் வீட்டு மூடியை ஒருநாள் திருப்பிப் பார்த்தபோது விரலால் குத்தினாலே ஓட்டை விழும் நிலையில் இருந்தது. அதன் மேல்தான் பிள்ளைகள் நின்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். துருப்பிடிக்காத ஃபைபர் மூடியோ கம்பி வைத்து வார்த்த சிமெண்ட் மூடியோ போட்டு, அதற்கு ஒரு கொண்டியும் பூட்டும் வைக்க வேண்டும். இன்னொன்று, லாரி வரும் நேரம். குழாயை விட்டுத் தண்ணீர் நிரப்பும் அரை மணி நேரமும் சம்பு திறந்தே கிடக்கும். வீட்டார் குடம் பிடிப்பதிலும் காசு கொடுப்பதிலும் இருப்பார்கள். லாரியோ குறுகிய சந்தில் பின்னோக்கி நகரும். அந்த நேரம் முழுவதும் குழந்தை ஒருவருடைய இடுப்பில் இருக்க வேண்டும், அருகில் நின்றால் போதாது.

வீட்டுக்கு வெளியே உள்ளவற்றில், தனுஷ்கோடிப் பக்கம் மணலில் தோண்டும் ஊற்றுகளை நாம் குழி என்றே எண்ணுவதில்லை. தண்ணீர் எடுத்து முடித்ததும் பலகை போட்டு மூடுவது ஒரு நிமிட வேலை. பண்ணைக் குட்டைகளும் ஊருணிப் படிகளும் மழைக்குப் பிறகு நிரம்பும்போது அவற்றைச் சுற்றி வேலி வேண்டும். உப்பு ஏறியதும் கைவிடப்படும் ஆழ்துளைக் கிணறுகளும் இங்கே உண்டு. அதன் வாயில் சாக்கைத் திணித்து ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு மூடியாயிற்று என்று சொல்வதைப் போன்ற தவறு வேறில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கற்கள் கொண்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது.

"அக்கா பார்த்துக்கொள்வாள்" என்ற நம்பிக்கை அடுத்த தவறு. ஆறு வயதுச் சிறுமியிடம் ஒன்றரை வயதுத் தம்பியை விட்டுவிட்டு ஏலம் எடுக்கவோ, கருவாடு காயப்போடவோ, பாசி எடுக்கவோ போகவேண்டிய தாய்மாரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையும் விளையாடப் போகும் பிள்ளைதான். கண் மங்கிய அப்பத்தாவால் குழந்தைக்குக் கதை சொல்ல முடியும், அதன் பின்னால் ஓட முடியாது. இதற்கு மாறான ஆபத்தும் உண்டு: கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் கோயில் கொடையிலும் ஐம்பது பேர் இருக்கும்போது, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எண்ணி யாருமே பார்ப்பதில்லை. "இப்போது நான் பார்க்கிறேன், நீ போ" என்று வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்றும் பழக்கம் வேண்டும்.

வங்கதேசத்தில் இதற்குக் கண்ட வழி எளிமையானது. கிராமத்துப் பெண் ஒருவர் தன் வீட்டிலேயே, காலை 9 மணி முதல் 1 மணி வரை, அக்கம்பக்கத்துச் சிறு குழந்தைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்வார்; அப்படிச் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடையே நீர் மரணம் பெருமளவு குறைந்தது. நம்மிடம் 1975இலிருந்தே அங்கன்வாடித் திட்டம் இருக்கிறது. அதைச் சத்துமாவுக்கும் மதியச் சோற்றுக்குமான இடமாக மட்டும் நினைத்து, சாப்பிட்டதும் பிள்ளையைத் தூக்கி வந்துவிடுவது சரியல்ல என்பது என் கருத்து. தாய் கரையில் இருக்கும் நேரத்தில் வேலியும் கதவும் உள்ள கட்டடத்தில், பெரியவர் ஒருவரின் பார்வையில் குழந்தை இருப்பதே அங்கன்வாடியின் பெரிய பயன். அங்கன்வாடிக்குப் போகும் வயது வராத குழந்தைகளுக்கு, தெருவில் மூன்று நான்கு தாய்மார் முறை வைத்துக்கொள்வதுதான் வழி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் ஆள் நிறைந்திருப்பதால் குழந்தை பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். பெயிண்ட், தின்னர், ஃபைபர் ஒட்டும் திரவங்கள் எல்லாம் வாசலுக்கு வரும். ரேஷனில் மண்ணெண்ணெய் அருகிவிட்டாலும், நாட்டுப்படகின் அவுட்போர்டு என்ஜினுக்காக அது கடற்கரை வீடுகளில் இன்னும் இருக்கிறது. குளிர்பானம் வந்த பாட்டிலில் அதை ஊற்றி வைப்பது மிகப் பழைய தவறு, இன்றும் நிற்காத தவறு. குழந்தை குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருக்கும் மண்ணெண்ணெயைவிட, வாந்தியோடு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும் மண்ணெண்ணெய்தான் உயிரைப் பறிக்கும். எதுவும் கொடுக்காமல், குடித்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீன் வைக்கும் பெரிய ஐஸ் பெட்டிகளைக் காலியாக இருக்கும்போது மூடியைக் கழற்றியோ பூட்டியோ வைப்பதும் அவசியம். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போய் மூடிக்கொண்டால் மூச்சு முட்டிவிடும்.

சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் பருவத்தில், தரையோடு ஒட்டிய அடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்கும் பாகைச் சுற்றிப் பிள்ளைகள் கருப்பட்டிக்காகக் காத்து நிற்பார்கள். அந்தக் கொட்டகைக்கு இடுப்புயரத்தில் ஒரு படல் வைத்துவிட்டால் போதும். சீமைக்கருவேலக் கரி மூட்டத்தில் மேலே சாம்பல் பூத்துக் கிடந்தாலும் அடியில் கங்கு நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சுட்டுவிட்டால் இங்க் ஊற்றுவது, இட்லி மாவு பூசுவது, பற்பசை தடவுவது எல்லாம் புண்ணை அழுக்காக்குமே தவிர ஆற்றாது. கையருகே இருக்கிறது என்று மீன் ஐஸை வைப்பதும் கூடாது; சுட்ட தோலை அது மேலும் கெடுக்கும். 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் முதலுதவி. குடம் இத்தனை ரூபாய் என்று வாங்கிய தண்ணீரை ஊற்றக் கை தயங்கும் என்றால், கிணற்று உவர்த் தண்ணீர் சுத்தமாக இருந்தால் அதையே ஊற்றலாம்.

தண்ணீரிலிருந்து தூக்கிய குழந்தையின் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும், குடத்தின் மேல் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவதும் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. உப்பில் உடலைப் புதைத்து வைத்தால் உயிர் திரும்பும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. உப்பளங்கள் நிறைந்த மாவட்டத்தில் அதை நம்பி யாரும் நேரத்தை வீணாக்கிவிடக் கூடாது. உப்பு எதையும் உறிஞ்சி உயிர்ப்பிக்காது. குழந்தைக்கு அப்போது தேவைப்படுவது காற்று. சமதரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு இல்லையென்றால் தலையை மெதுவாகச் சாய்த்து, முதலில் சில முறை வாய் வைத்து ஊத வேண்டும். கைக்குழந்தை என்றால் அதன் மூக்கையும் வாயையும் சேர்த்து நம் வாயால் மூடிக்கொள்ள வேண்டும். அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவே, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, இதையே விடாமல் தொடர வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை, நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களாலோ, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ அழுத்த வேண்டும்; அதற்கு மேல் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி. இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். பைக்கில் தூக்கி வைத்துக்கொண்டு பறப்பதால், மூச்சில்லாத குழந்தை வழி முழுதும் மூச்சில்லாமலே போகிறது; ஆம்புலன்ஸ் வரும்வரை இருந்த இடத்திலேயே அழுத்துவதும் ஊதுவதும் நிற்கக் கூடாது. மூச்சு திரும்பி, குழந்தை அழுது, கண் விழித்துப் பார்த்துவிட்டாலும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும் என்பதால், அன்றே மருத்துவமனையில் சேர்த்து மருத்துவர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.