ரயில் நிலையம் வரை டிராம்: கோரிக்கை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு வரைவு அறிக்கை என் மேசைக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டிராம் தடத்தை இன்னும் ஒரு கிலோமீட்டர் நீட்டி ரயில் நிலையத்தோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. எழுதியவர்கள் மூன்று பேர், மூவரும் இந்த வேலைக்குப் புதியவர்கள். நிலையத்தை ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள், ஆகவே டிராமில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர்கள்மேல் கோபமில்லை. பல வருடங்களுக்கு முன் அதே வாக்கியத்தை, அதே தடித்த எழுத்தில், நானும் எழுதியிருக்கிறேன்.

கூட்டல் பிழை, பழைய வரைபடம், இணைப்பு விட்டுப்போனது எல்லாம் இங்கே வராது. அவற்றை இரண்டாம் முறை படித்தால் நீங்களே பிடித்துவிடுவீர்கள். எத்தனை முறை படித்தாலும் சரியாகவே தோன்றும் தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நிலையத்தின் கூட்டத்தை டிராமின் கணக்கில் எழுதுவது

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். கோரிக்கையை விசாரித்த கூட்டத்தில், ஓய்வுபெற இருந்த ஓர் அதிகாரி என் அறிக்கையின் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. "இந்த எண் நிலையத்துக்குள் போனவர்களா, வெளியே வந்தவர்களா?" என்று கேட்டார். "இரண்டும் சேர்த்து சார்" என்றேன். "அப்படியென்றால் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற நான் உங்கள் கணக்கில் இரண்டு ஆளா?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அடுத்த கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை. "சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை பேர் உங்கள் டிராம் போகிற பக்கம் போகிறவர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை. செலவுக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தடம் போகும் தெருவையும் நன்றாகவே ஆராய்ந்திருந்தோம். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? முதல் எண்ணே பொய் என்றால் மற்ற எண்களை யார் பார்ப்பார்கள்? கோப்பு மூடப்பட்டது. அடுத்த நிதிச் சுற்று வர நான்கு ஆண்டு ஆனது. அதற்குள், டிராம் திரும்புவதற்காக நாங்கள் மனதில் வைத்திருந்த நிலைய முன்வெளியில் அடுக்குமாடிக் கார் நிறுத்தம் எழும்பிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

பிரிட்டனில் ரயில் ஒழுங்குமுறை அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் நிலையப் பயன்பாட்டுக் கணக்கே உள்ளே போனவர், வெளியே வந்தவர் இரண்டையும் கூட்டித்தான் வருகிறது. ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுகிறவர்களை அது தனியாகக் காட்டுகிறது. கணக்கு அதனளவில் சரி. அதை "பயணிகள்" என்று மொழிபெயர்த்துக்கொள்வதுதான் நம் குற்றம்.

புரிவதற்காக உருண்டையான எண்களில் சொல்கிறேன். ஒரு நிலையத்தில் ஒரு நாள் கணக்கு 24,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்த் திரும்புகிறவர்களை ஓர் ஆளாக எண்ணினால் 12,000. நிலையத்திலிருந்து நான்கு பக்கமும் ஆள் பிரிகிறது, டிராம் போவது ஒரு பக்கம்தான். ஆகவே 3,000. அதிலும் டிராம் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடோ வேலையோ இருப்பவர்கள் பாதி என்றால் 1,500. அவர்களில் சிலருக்கு நிலையத்துக்கு நடந்து வருவதே எளிது, சிலரை வீட்டில் யாராவது வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள். மிச்சமிருப்பவர்களில் ஒரு பங்கு இன்றைக்கே டிராமில் வந்து கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடக்கிறவர்கள். நீட்டிப்பால் அவர்களுக்கு வசதி கூடும். ஆனால் அவர்கள் ஏற்கெனவே டிக்கெட் வாங்குகிறவர்கள், புதுப் பயணிகள் அல்ல. பழைய பயணியின் வசதியை ஒரு பத்தியிலும் புதுப் பயணியின் எண்ணிக்கையை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே குடத்தில் ஊற்றாதீர்கள். பேருந்திலிருந்து மாறுகிறவர்களும் அப்படித்தான். டிராமுக்கு வரவு, பேருந்துக்கு இழப்பு. அதை மறைத்தால் பேருந்துக்காரர்களே எழுந்து சொல்லிவிடுவார்கள்.

நிலையம் இருந்தால் கூட்டம் தானாக வரும் என்ற நம்பிக்கை ரொம்பப் பழையது. கல்கத்தாவில் 1873 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய குதிரை டிராம் சியால்தா ரயில் நிலையத்திலிருந்து ஆற்றங்கரையின் ஆர்மீனியன் படித்துறை வரை போனது. ஒரு முனையில் ரயில், மறு முனையில் படகு. இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். போதிய ஆள் ஏறாமல் அதே ஆண்டு நவம்பரில் அது நின்றுபோனது. மறுபடி ஓட 1880 ஆனது.

சரி, எப்படித்தான் எண்ணுவது? நிலைய வாசலில் போய் நில்லுங்கள். ஒரு வேலைநாள் காலை, ஒரு வேலைநாள் மாலை, ஒரு சனிக்கிழமை. மூன்றே கேள்வி: எங்கிருந்து கிளம்பினீர்கள், எங்கே போகிறீர்கள், இங்கே எப்படி வந்தீர்கள். "டிராம் வந்தால் ஏறுவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஏறுவேன் என்றுதான் சொல்வார்கள், அவசரத்தில் இருக்கும் மனிதருக்கு உங்களை அனுப்பிவைக்க அதுதான் சுருக்கமான வழி.

அதைவிட முக்கியமான இடம் இன்றைய கடைசி டிராம் நிறுத்தம். அங்கே இறங்கி நிலையம் பக்கம் நடக்கிறவர்களை எண்ணுங்கள். இரண்டாம் முயற்சியில் நாங்கள் அதைச் செய்தோம். பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர், சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்த இடத்தில் நடைபாதை விளிம்பில் சக்கரம் மாட்டிக்கொள்கிறது என்று குறித்தோம். எண்கள் சிறியவை. அவற்றை யாராலும் அசைக்க முடியவில்லை. தடத்தின் நடுவில் இருக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போய், ரயிலில் வரக்கூடியவர்கள் ஏன் ரயிலில் வருவதில்லை என்றும் கேட்டோம். டிராமுக்குப் புதிதாக வரப்போகிறவர்கள் அங்கேதான் இருந்தார்கள், நிலையத்தில் இல்லை. அந்த மூன்று பேரின் வரைவில் மருத்துவமனை என்ற சொல்லே வரவில்லை.

தண்டவாளத்துக்கு மட்டும் கணக்குப் போடுவது

ஒரு கிலோமீட்டர் நீட்டினால் ஒரு கிலோமீட்டர் செலவு என்று நினைப்போம். அட்டவணை அப்படி நினைப்பதில்லை. ஒரு டிராம் போய்வந்து, முனைகளில் சற்று நின்று, மறுபடி கிளம்ப 60 நிமிடம் ஆகிறது, பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடுகிறது என்றால் ஆறு டிராம் வேண்டும். நீட்டிப்பு போக நான்கு நிமிடம், வர நான்கு நிமிடம் கூட்டுகிறது. இப்போது 68 நிமிடம். ஆறு டிராமால் பத்து நிமிட இடைவெளியைக் காப்பாற்ற முடியாது, ஏழாவது வேண்டும். அந்த ஏழாவதுக்கு ஓட்டுநர்கள் வேண்டும், டிப்போவில் இடம் வேண்டும். வாங்காவிட்டால் இடைவெளி நீளும், நிலையத்துக்குச் சம்பந்தமே இல்லாத மறு முனைக்காரரும் அதிக நேரம் நிற்பார். அவர் உங்கள் எதிரியாகிவிடுவார், அதில் நியாயமும் உண்டு.

சில தடங்களில் முனையில் நிற்கும் நேரம் தாராளமாக இருக்கும், எட்டு நிமிடத்தை அதிலேயே விழுங்கிவிடலாம். அது உண்மையா என்று அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓட்டுநரிடம் கேளுங்கள். காகிதத்தில் இருக்கும் ஓய்வு நேரம் மாலை நெரிசலில் எங்கே போகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

நீட்டிப்பு கிளையாகப் பிரிந்தால் இன்னொரு சங்கடம். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில் டிராம் 1999இல் வந்தது, ஆனால் ஊர் மையத்தில் செயின்ட் ஜார்ஜஸ் நிறுத்தத்தோடு நின்றுவிட்டது. ரயில் நிலையத்துக்கு டிராம் போனது 2023 செப்டம்பரில்தான். போனபோதும் எல்லா டிராமும் போகவில்லை. ஒன்று நிலையத்துக்கு, அடுத்தது பழைய முனைக்கு என்று மாறி மாறிப் பிரித்தார்கள். பிரதான தடத்தின் இடைவெளியை அப்படியே நிலையத்துக்கும் எழுதிவிடுகிற அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். கிளையில் அது இரட்டிப்பாகும்.

"நிலையம் வரை" என்று எழுதிவிட்டு நிறுத்தத்தைத் தள்ளிப் போடுவது

நிலையம் என்பது ஒரு புள்ளி அல்ல. வாசல், டிக்கெட் இடம், படிக்கட்டு, நடைமேடை என்று நீளும். வரைபடத்தில் 150 மீட்டர் தள்ளி நிறுத்தம் போட்டால் காலுக்கு 400 மீட்டர் ஆகலாம், நடுவில் ஒரு பெரிய சாலையும் வரலாம். நடக்கிற நேரத்தையும் காத்திருக்கிற நேரத்தையும் பயணிகள் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப்போல் இரு மடங்காக உணர்கிறார்கள் என்று வைத்துத்தான் பிரிட்டனில் திட்டங்களை மதிப்பிடுகிறார்கள். ஆறு நிமிட நடை பன்னிரண்டு நிமிடக் கனம். டிராம் மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 2004இல் தொடங்கிய டிராம் நிலையத்தின் வடபக்கத்தில் வந்து நின்றது. 2015இல் தெற்கே நீட்டியபோது தடத்தை நிலையத்துக்கு மேலாகவே பாலம் போட்டுக் கொண்டுபோனார்கள், நிறுத்தத்தையும் அந்தப் பாலத்தில்தான் வைத்தார்கள். அந்த அளவுக்குக் கேளுங்கள். குறைத்துக்கொள்ளச் சொல்ல ஆட்கள் தானாக வருவார்கள்.

கடைசி ஐம்பது மீட்டர் யாருடையது என்று கேட்காமல் விடுவது

இங்கிலாந்தின் பிளாக்பூலில் கடற்கரை டிராமை பிளாக்பூல் நார்த் நிலையம் வரை நீட்டும் வேலை. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 2018இல் தொடங்கிய வேலையில் தண்டவாளம் முதலிலேயே போட்டாகிவிட்டது. பயணிகளோடு டிராம் ஓடியது 2024 ஜூனில். முனை நிறுத்தம் வரவேண்டிய இடத்தில் ஒரு பெரிய கடைக் கட்டடம் நின்றது, அதைக் காலி செய்து இடித்து முடிக்கும்வரை தெருவில் தண்டவாளம் சும்மா கிடந்தது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர டிராம் 2014இல் நாட்டு எல்லையைத் தாண்டி ஜெர்மனியின் வைல் அம் ரைன் நிலையத்துக்குப் போனது. 2017இல் இன்னொரு தடம் பிரான்சின் சான் லூயி நிலையத்தைத் தொட்டது. நாட்டு எல்லையைத் தாண்டிவிடலாம். என் அனுபவத்தில் ரயில்வே மதிலைத் தாண்டுவதுதான் சிரமம். மதிலுக்கு உள்ளே ஓர் அடி வேண்டுமென்றாலும் ரயில் தரப்பின் எழுத்துபூர்வமான சம்மதத்தை முதலில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. சம்மதம் சொன்ன மனிதர் மாற்றலாகிப் போய்விடுவார்.

தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாராமல் செலவு எழுதுவது

ஸ்காட்லாந்தின் எடின்பரோவைப் பாருங்கள். நகரின் நியூஹேவன் பகுதி வரை போகவேண்டிய தடம், 54.5 கோடி பவுண்டுக்குள் முடிப்பதாக இருந்தது. குழாய்களையும் கேபிள்களையும் நகர்த்துவதில் இழுபறி, ஒப்பந்தக்காரரோடு தகராறு. 2014இல் ஓடத் தொடங்கியபோது செலவு 77.6 கோடி, தடமோ பாதி வழியில் யார்க் பிளேஸில் நின்றது. நியூஹேவனுக்குப் போனது 2023இல், இன்னொரு 20.7 கோடி பவுண்டில். இடையில், தடம் போகும் லீத் பகுதியில் தோண்டியபோது பழைய இடுகாட்டின் எலும்புக்கூடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ரயில் நிலையத்தைச் சுற்றிய தெருக்கள் பெரும்பாலும் பழைய தெருக்கள், அடியில் எல்லாக் காலத்துக் குழாயும் கிடக்கும். சோதனைக் குழி வெட்டாமல் எழுதிய தொகைக்குப் பக்கத்தில் "உத்தேசம்" என்று பெரிதாகவே போடுங்கள்.

அழகான படத்தோடு தொடங்குவது

கடைசிப் பக்கத்தில் வையுங்கள்.

பேருந்தைத் திட்டுவது

வேண்டாம். டிராமில் வருகிறவர் பாதி வழி பேருந்தில் வந்தவராக இருப்பார்.

காலக்கெடு இல்லாமல் கேட்பது

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 2014இல் ஓடிய முதல் கட்ட டிராம் ரயிலை எங்குமே தொடவில்லை. ஹெலன்ஸ்வேல் ரயில் நிலையம் வரை 7.3 கிலோமீட்டர் நீட்டிப்பு 2017 டிசம்பரில் திறந்துவிட்டது. 2018 ஏப்ரலில் அந்த ஊரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி, அதற்குள் முடித்தே ஆகவேண்டும். புதுத் தடத்தின் பெரும்பகுதி ரயில் பாதையை ஒட்டியே போனதும் வேலையை எளிதாக்கியது.

உங்கள் ஊருக்கு விளையாட்டுப் போட்டி வரப்போவதில்லை என்றால் நிலையத்தில் ஏதாவது வேலை திட்டமிடப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். முன்வெளியைத் தோண்டப்போகிறார்களா, வாசலை இடித்துக் கட்டப்போகிறார்களா, கார் நிறுத்தத்தின் குத்தகை எப்போது முடிகிறது. ஒருமுறை தோண்டி மூடிக் கல் பாவிவிட்டால் மறுபடி கைவைக்க யாரும் விடமாட்டார்கள். அந்த மூன்று பேரிடமும் இதைக் கேட்டேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் சொன்னார், நிலைய வாசலில் போன வாரம்தான் தகர வேலி அடித்திருக்கிறார்களாம்.