கணக்கு முடிக்கும்போது அட்வான்ஸ் பாக்கியைப் பிடிப்பது எப்படி?

வேலையை விட்டுப் போகிறவர் பெயரில் அட்வான்ஸ் பாக்கி நின்றால், முதலில் வவுச்சரைத் தேடி எடுங்கள். தொகை, தேதி, மாதத் தவணை, கையெழுத்து, ‘வேலையை விட்டால் மீதியைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம்’ என்ற வரி, எல்லாம் அதில் இருந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது. பல கம்பெனிகளில் ‘ரூ.5,000 பெற்றுக்கொண்டேன்’ என்பதோடு சரி. அது போனஸா, கைமாற்றா, அட்வான்ஸா என்று பின்னால் பேச்சு வரும். அப்படியிருந்தால், இதுவரை பிடித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, அவர் கிளம்புமுன் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எல்லா அட்வான்ஸையும் பிடிக்க முடியாது. வேலைக்குச் சேருமுன் ஊரிலிருந்து வர ரயில் செலவுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதைப் பாக்கியிலிருந்து கழித்துவிடுங்கள்.

ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இரண்டு விஷயம் இங்கே முக்கியம். தானாக விலகினாலும் நாம் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்தப் பாதிக்குள் பிஎப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமும் அடக்கம். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சம்பளம் ரூ.18,000, முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். ஜூன் 20 சனிக்கிழமையோடு நின்றுவிட்டார். ஞாயிறு விடுமுறை என்றால் செவ்வாய்க்குள் பணம் கைக்குப் போக வேண்டும். 30 நாளால் வகுத்து 20 நாளுக்கு ரூ.12,000. (ஞாயிறுகளை விட்டு 26 நாளால் வகுப்பது உங்கள் வழக்கமென்றால் கடைசி மாதமும் அதேதான், போகிறவருக்கு மட்டும் மாற்றினால் சண்டைதான்.) பிஎப் 12 சதவீதம் ரூ.1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் ரூ.90, ஆக ரூ.1,530. பாதி வரம்பு ரூ.6,000. எனவே அட்வான்ஸுக்குப் பிடிக்கக்கூடியது ரூ.4,470. பாக்கி ரூ.10,000 என்றால் இன்னும் ரூ.5,530 நிற்கும்.

அட்வான்ஸை மொத்தச் சம்பளத்திலேயே கழித்துவிட்டு, மிச்சத்துக்குப் பிஎப் போடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. 12,000-இல் 4,470 போக 7,530-க்குப் பிஎப் கட்டினால் அது குறைவாகக் கட்டியதாகிவிடும். பிஎப்பும் இஎஸ்ஐயும் சம்பாதித்த தொகைக்கு. அட்வான்ஸை அதற்குப் பிறகு தனியாகக் கழிக்க வேண்டும். சம்பளச் சீட்டில் ‘இதர பிடித்தம்’ என்று ஒளித்து வைக்காமல் ‘அட்வான்ஸ் பிடித்தம்’ என்றே காட்டுங்கள்.

நிற்கும் ரூ.5,530-ஐ என்ன செய்வது? சேர்த்து வைத்த லீவுக்குப் பணம் வரவேண்டியிருந்தால், எழுத்தில் சம்மதம் வாங்கி அதில் நேர் செய்யலாம். இல்லையென்றால் இரண்டு மூன்று தவணையாகத் தருவதாக எழுதி வாங்குங்கள், அல்லது புரோநோட்டு. கோர்ட்டுக்குப் போவதானால் கெடு மூன்று வருஷம். ஐயாயிரத்துக்கு வக்கீல் வைப்பது கட்டுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கிராஜுவிட்டி, பிஎப் பணத்தில் கைவைக்கக் கூடாது. பிஎப்பில் விலகிய தேதியைப் போடாமல் இழுத்தடிப்பதும் வீண். இரண்டு மாதம் கழித்து அவரே ஆன்லைனில் போட்டுக்கொள்வார். சான்றிதழைப் பிடித்து வைப்பது அதைவிட மோசம். ‘கடனைக் கட்டாமல் போகக் கூடாது’ என்று ஆளையே நிறுத்தி வைத்தால், 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள். செங்கல் சூளையிலும் விசைத்தறியிலும் ஆட்கள் மீட்கப்பட்டதெல்லாம் இப்படிப்பட்ட அட்வான்ஸால்தான்.

கடைசித் தவணை வந்த அன்றே புரோநோட்டைக் குறுக்கே கோடு போட்டு அவர் கையில் திருப்பிக் கொடுத்து, லெட்ஜரில் பாக்கி சைபர் ஆனதைச் சரிபாருங்கள்.