தொற்றுக் காலத்தில் கர்ப்பிணியின் மனநலம்

ஃபுளூ, கொரோனா போன்ற காய்ச்சல்கள் பரவும்போது, காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கர்ப்பிணியை வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டு அறையில் தனியே இருத்திவிடுவதே பாதுகாப்பு என நினைக்கிறோம். அந்தத் தனிமையே அச்சத்தை வளர்த்துவிடும். காற்றோட்டமுள்ள வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்), உடல்நலத்துடன் இருக்கும் ஒருவர் சற்றுத் தள்ளி அமர்ந்து தினமும் அவருடன் பேசிக்கொண்டிருந்தால் மனப்பாரம் குறையும். வாட்ஸ்அப் வதந்திகளை அவரிடம் படித்துக்காட்ட வேண்டாம் (ஆச்சிமார்களுக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது). ஐயங்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கலாம். உறக்கமின்மை, அடிக்கடி அழுகை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், மசக்கை அசதி என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் 2 வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே உதவி பெற வேண்டும்.