மழைக்காற்றில் ஊசுட்டேரிக் கரையில் நடப்பது எப்படி?

ஊசுட்டேரியைக் கார்த்திகை, மார்கழியில் பார்க்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். ஏரியில் ஒரு பங்கு நம் புதுச்சேரிப் பக்கம், மறு பங்கு தமிழ்நாட்டுப் பக்கம். நம் பக்கம் 2008-இல் பறவைகள் சரணாலயமானது. வெயிலில் யாரும் நடந்துவிடலாம். தூறலும் காற்றுமான நாளுக்குக் கொஞ்சம் பக்குவம் வேண்டும்.

முந்தின இரவே வானிலை அறிவிப்பைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் போகவே வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பெய்த மழை நமக்கெல்லாம் நினைவிருக்கும். நடக்கும்போது இடி கேட்டாலும் திரும்பிவிடுங்கள். பனைமரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

அடுத்து உடை. ஏரிக்காற்று குடையை ஒரே வீச்சில் மடக்கிவிடும். பைக்கில் போடும் மழைக்கோட்டே போதும். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், வேண்டாம். பின்பட்டை வைத்த செருப்பு நல்லது. துண்டும் மாற்றுத்துணியும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி வண்டியிலேயே இருக்கட்டும்.

சரி, எந்தப் பக்கம் நடக்கத் தொடங்குவது? என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். கரையேறியதும் ஒரு நிமிடம் நின்று, புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதை எதிர்த்து நடந்துவிடுங்கள். திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். முதல் தடவை நான் மாற்றிச் செய்துவிட்டேன். திரும்பும் வழி முழுக்க முகத்தில் ஊசி ஊசியாகச் சாரல், கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஏரியை முழுசாகச் சுற்ற நினைக்காதீர்கள். அரை மணி போக, அரை மணி வர, தொடக்கத்துக்கு அது போதும். வெறும் களிமண்ணில் கால் வைத்தால் செருப்படியில் அடை அடையாக அப்பிக்கொண்டு வழுக்கும். புல் மேல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். தண்ணீர்ப் பக்க விளிம்பு ஊறி இளகியிருக்கும், நடுக்கரையை விட்டு விலக வேண்டாம். ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் கலிங்கலில் தண்ணீர் வழிந்தால் கணுக்காலளவு தெரிந்தாலும் கடக்காதீர்கள். அடியில் பாசி, கூடவே இழுப்பு.

நடுவில் ஓர் இடத்தில் நில்லுங்கள். காற்று படாத ஒதுக்குப்புறத்தில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும். தூரத்தில் வெறும் கறுப்புப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளைப் பட்டை. பறக்க நினைத்தால் காற்றை எதிர்த்து, தண்ணீர் மேல் சடசடவென ஓடித்தான் எழும்பும். அந்தச் சத்தம் மழையையும் மீறிக் கேட்கும். அதற்காகவே நான் வருஷா வருஷம் போகிறேன்.

வண்டிக்கு வந்ததும் தலையைத் துவட்டி, ஈரத்துணியை மாற்றிவிடுங்கள். டீக்கடை அப்புறம்.