கருநீலத்தில் ஆரஞ்சு: அச்சுக்கு அனுப்பும் முன்

டிசைன் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கருநீலம் என்றால் ஒரு மயக்கம். நகைக்கடை நோட்டீஸ், கோச்சிங் சென்டர் பேனர், கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கொடுத்தாலும் பின்னணி கருநீலம், மேலே ஆரஞ்சோ மஞ்சளோ. சேர்க்கை நல்ல சேர்க்கைதான். நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு நேர் எதிரே ஆரஞ்சு நிற்கிறது. ஆனால் நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்த அதே கூத்தை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். எழுத்துப்பிழை பார்க்காதது, மங்கலான லோகோ போட்டது எல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம், விட்டுவிடுகிறேன்.

## திரையில் பார்த்த நீலத்தை நம்புவது

காசு போவது இங்கேதான்.

ஒரு ஜவுளிக்கடைத் திறப்புவிழா நோட்டீஸ். எங்களிடம் வேலை பார்த்த தம்பி செய்தது, திரையில் அருமையாக இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கடைக்காரர் "சூப்பர், அடிச்சிடுங்க" என்றார். 5,000 நோட்டீஸ் அடித்து, கட்டைப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நான் கத்தரிப்பூ கலரா கேட்டேன்?" நீலம் ஊதாவாகியிருந்தது. ஆரஞ்சு, செங்கல் பொடி. பேப்பர் காசு, ப்ளேட் (ஒவ்வொரு மைக்கும் தனியாகப் போடும் அச்சுத் தகடு) காசு இரண்டும் எங்கள் தலையில்.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. மெஷினுக்கு சயான் (பச்சை கலந்த வெளிர்நீலம்), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள், கருப்பு என்று 4 மைதான் தெரியும். திரையில் நேவி ப்ளூ, அதாவது கருநீலம், என்பது 255 வரை போகும் அளவில் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 128. அதை அப்படியே அச்சு நிறத்துக்கு மாற்றினால் சயானும் மெஜந்தாவும் கிட்டத்தட்ட சமமாக, இரண்டும் 100 சதவீதத்தை ஒட்டி வந்து உட்காரும். அவை இரண்டும் சமமானால் தாளில் ஊதாதான் விழும். மெஷின்காரரைத் திட்டிப் பயனில்லை.

மெஜந்தா, சயானைவிடக் குறைந்தது 30 புள்ளியாவது கீழே இருக்கட்டும். நான் சயான் 100, மெஜந்தா 70, மஞ்சள் 0, கருப்பு 45 என்று போட்டு ஆரம்பிப்பேன். இன்னும் அடர்த்தி வேண்டுமென்றால் கருப்பைக் கூட்டுங்கள், மெஜந்தாவைத் தொடாதீர்கள். இதில் மொத்த மை 215 சதவீதம்தான், பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளிலும் காயும். 4 மையையும் அள்ளிக் கொட்டி 320-ஐத் தாண்டினால் வழவழப்புப் பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில்கூட ஈரம் நின்று அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

ஆரஞ்சின் கதை வேறு. திரையில் ஜொலிக்கிற அந்த ஆரஞ்சு 4 மையில் பிறக்கவே பிறக்காது. மெஜந்தா 55, மஞ்சள் 100, மற்ற இரண்டும் சுத்தமாக 0 என்று வைத்தால் ஓரளவு பக்கத்தில் வரும். சயான் 10 ஒட்டிக்கொண்டு வந்தாலே நிறம் அழுக்காகிவிடும், மாற்றிய ஃபைலில் பெரும்பாலும் அது ஒளிந்திருக்கும். நிற எண்களைத் திறந்து பாருங்கள். ஜொலித்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் நின்றால் பாண்டோன் ஆரஞ்சு 021 மாதிரி முன்பே கலந்து வரும் தனி மை, 5-வது ப்ளேட், கூடுதல் காசு. பேசும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இத்தனையும் ஒரே ஒரு ப்ரூஃபில், அதாவது முன்கூட்டி எடுக்கும் மாதிரி அச்சில், தெரிந்திருக்கும். கேட்டால், "டைம் இல்லைண்ணா, அவர்தான் ஓகே சொல்லிட்டாரே" என்று பதில். முழு வெளிச்சத்தில் வைத்த செல்போன் திரையைப் பார்த்து யார்தான் ஓகே சொல்ல மாட்டார்கள்? இதை எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று, அடுத்த வாரம் இன்னொருவன் வாட்ஸ்அப் ஓகேயோடு வந்து நிற்கிறான்.

## கருநீலத்தின் மேல் சிவப்பு எழுத்து

எழுத்து நடுங்குவது போலத் தெரியும். சிவப்பையும் நீலத்தையும் கண்ணின் லென்ஸ் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் குவிக்காது. வெளிச்ச வித்தியாசமும் போதாது. இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 வெளிச்ச விகிதம் கேட்கின்றன. மேலே சொன்ன நேவியின் மேல் சுத்தச் சிவப்பு 4:1-லேயே நின்றுவிடும். திரை ஆரஞ்சு (255, 165, 0) சுமார் 8:1, சுத்த மஞ்சள் 15:1-ஐ ஒட்டி வரும்.

சிவப்பு வேண்டுமென்றால் பட்டையாகப் போட்டு, நடுவில் மெல்லிய தங்க நிறக் கோடு ஒன்று இழுங்கள். காஞ்சிபுரம் பட்டில் எம்.எஸ். ப்ளூ உடலுக்கும் அரக்குக் கரைக்கும் இடையே ஜரிகை ஓடினால் இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்கிறதே, அதே வேலைதான்.

## பாதி நீலம், பாதி ஆரஞ்சு

வேண்டாம். விலை, தேதி, தள்ளுபடி. ஆரஞ்சு அதற்கு மட்டும்.

## பொடி எழுத்து

நீலத்துக்குள் 6 பாயின்ட் மஞ்சள் எழுத்தில் முகவரி போடுகிறார்கள். ப்ளேட் மயிரிழை நகர்ந்தாலே சுழிக்குள் நீலம் ஏறிவிடும். 'ண' எது, 'ன' எது என்று கண்டுபிடிக்க முடியாது. 9 பாயின்ட்டுக்குக் கீழே இறங்காதீர்கள், கொஞ்சம் தடித்த எழுத்தாகவும் இருக்கட்டும்.

## ஓவர்பிரின்ட்

கருப்பு எழுத்துக்குப் போட்ட ஓவர்பிரின்ட்டை (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிக்கும் செட்டிங்) எடுக்காமல் நிறத்தை மட்டும் மஞ்சளாக்கினால் மஞ்சள் மை நீலத்தின் மேலேயே விழும். எழுத்து காணாமல் போகும். ஓவர்பிரின்ட் ப்ரிவியூ போட்டுப் பார்த்தால்தான் திரையில் தெரியும்.

## மேட் லேமினேஷன்

பளபளப்பில்லாத இந்தப் பிளாஸ்டிக் உறையை ஒட்டினால், கருநீலத்தில் விரல்ரேகையும் கீறலும் பளிச்சென்று தெரியும். ஆர்டர் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.