முதல் வேட்டைத் துவக்கு: போல்ற் அக்சன் றைபிள் ஒன்றை எப்படித் தெரிவு செய்வது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவில் இருந்து வந்து இறங்கும் பெறாமக்களும் மருமக்களும் இப்போது ஒரு புதுக் கேள்வியோடு வருகிறார்கள். "சித்தப்பா, மான் வேட்டைக்குப் போகப் போறன், என்ன றைபிள் வாங்கலாம்?" ஒன்ராறியோவில் கனகாலம் இருந்தவன், அங்கே காட்டுக்கும் போய் வந்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வாய் வலிப்பதைவிட எழுதிவிடுவது சுகம். போல்ற் அக்சன் என்றால், ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு போல்ற் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த ரவையை ஏற்றும் துவக்கு.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே வரும் கதை கனடாவுக்கானது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. வன்னிப் பக்கம் போனால் மரை வத்தல் கிடைக்குமா என்று விசாரிப்பவர்களும் இதை ஞாபகத்தில் வைத்திருக்கட்டும்.

படி 1: பத்திரம் முதலில், கடை பிறகு

கனடாவில் முதலில் சுடுகலன் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். பிறகுதான் பிஏஎல் என்று சொல்லும் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். வயது 18 ஆகியிருக்க வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. வழமையான வேட்டைப் போல்ற் அக்சன் றைபிள்கள் கட்டுப்பாடு குறைந்த வகுப்புக்குள் வருவதால் இந்த ஒரு பத்திரம் போதும். ஒன்ராறியோவில் வேட்டையாட அது தவிர வேட்டைப் பயிற்சிச் சான்று, அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை, மானுக்கான ராக் என்ற அனுமதிச் சீட்டு எல்லாம் வேண்டும். நண்பரிடம் கைமாற்றாக வாங்கினாலும் விற்பவர் உங்கள் பத்திரத்தைப் பதிவாளரிடம் சரிபார்த்த பிறகுதான் கொடுக்கலாம்.

இன்னொன்று. வேட்டைக்குக் கொண்டுபோன அதே முதுகுப் பையில் உடுப்பை அடைத்துக்கொண்டு ஊருக்குப் பிளேன் ஏறாதீர்கள். மூலைப் பொக்கற்றுக்குள் மறந்துபோய்க் கிடக்கும் ஒரேயொரு ரவை போதும், விடுமுறை முழுக்கப் பொலிஸும் கோர்ட்டுமாகப் போய்விடும். எங்கள் ஊர்ச் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

படி 2: எந்த மிருகம், எவ்வளவு தூரம்

பெடியன்கள் கடைக்குள் போனதும் கேட்பது "எது பவர் கூட?" என்றுதான். கேட்க வேண்டியது வேறு. சுடப்போவது வெள்ளைவால் மானா, மூஸ் என்கிற மிகப் பெரிய மானா? காட்டுக்குள்ளா, வெளியான வயலிலா? தெற்கு ஒன்ராறியோக் காடுகளில் மான் பெரும்பாலும் 100 மீற்றருக்குள்தான் கண்ணில் படும். மரங்கள் அதற்கு மேல் பார்க்க விடாது. அந்த இடத்துக்கு அரைக் கிலோமீற்றர் பாயும் ரவையைத் தூக்கிக்கொண்டு போவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

படி 3: ரவையைத் தீர்மானியுங்கள்

துவக்கைத் தெரிவு செய்வதாக நினைத்துக்கொண்டு ரவையைத் தெரிவு செய்யாமல் விடுவதுதான் புதியவர்களின் வழமை. உண்மையில் ரவைதான் முதலில். சும்மா நாலைந்து பெயர் தெரிந்தால் போதும்.

243 வின்செஸ்ரர் 1955இல் வந்தது. உதைப்பு மிகக் குறைவு, மானுக்குப் போதும், மூஸுக்குக் காணாது. 6.5 கிறீட்மோர் 2007இல் வந்தது. அதுவும் மெதுவான உதைப்புத்தான், தூரத்துக்கும் நேராகப் போகும். 308 வின்செஸ்ரர் 1952இல் இருந்து இருக்கிறது, எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். 30-06 என்பது 1906இல் அமெரிக்க இராணுவம் எடுத்த ரவை. அந்த 06 அந்த ஆண்டுதான். மானில் இருந்து மூஸ் வரை எல்லாவற்றுக்கும் சரி. 300 வின்செஸ்ரர் மக்னம் இவற்றுக்கெல்லாம் அண்ணன். உதைப்பு 308ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

என்னைக் கேட்டால், ஆரம்பத்தில் மக்னம் பக்கமே போகாதீர்கள். தோள் ஒரு தடவை நொந்துவிட்டால் அடுத்த தடவை விசையை அமத்த முதலே கண் தானாக மூடும், கை இழுபடும். அது பழக்கமாகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. சுட்டுப் பழக மனம் வருகிற ரவைதான் நல்ல ரவை. மான் மட்டும் என்றால் 6.5 அல்லது 308. ஒருநாள் மூஸும் பார்க்கலாம் என்றால் 308 அல்லது 30-06. அவ்வளவுதான்.

308இன் வெற்றுக் கோது 51 மில்லிமீற்றர் நீளம், 30-06இனுடையது 63. அதனால்தான் ஒரே மொடல் துவக்கு, போல்ற் ஓடும் பகுதியின் நீளத்தைப் பொறுத்து, கட்டை அக்சன், நீள அக்சன் என்று இரண்டாக வருகிறது. கட்டை என்றால் சற்றுப் பாரம் குறைவு, போல்ற்றை இழுக்கும் தூரமும் குறைவு.

இராணுவப் பாவனைக்கான, முழுக்க உலோக உறை போட்ட ரவை மலிவாகக் கிடைத்தாலும் வேட்டைக்கு வேண்டாம். அது விரியாமல் ஊடுருவிப் போய்விடும், மிருகம் காயத்தோடு ஓடிச் சாகும். வேட்டைக்கு நுனி விரியும் சன்னம்.

படி 4: உடம்புக்கு அளவா?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிடங்கின், அதாவது தோளில் வைக்கும் பின்பகுதியின், அடியில் இருந்து விசை வரையுள்ள நீளம் வழமையான றைபிள்களில் 34 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அது ஆறடி வெள்ளைக்காரனை மனதில் வைத்துச் செய்த அளவு. எங்கள் ஆட்களில் பலருக்கும், பெண்களுக்கு இன்னும் கூடுதலாகவும், அது நீளம். போதாக்குறைக்கு நவம்பர் மாதம் தடித்த ஜக்கற் போட்டுக்கொண்டுதான் சுடப் போகிறீர்கள். அதுவே தோளில் இன்னும் இரண்டு விரல் கூட்டிவிடும்.

கடைக்குப் போகும்போது அந்த ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு போங்கள். துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று கடைக்காரரும் பார்க்க வேண்டும், நீங்களும் பார்க்க வேண்டும். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைத்துக் கன்னத்தைப் பிடங்கில் சாயுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தால் அது உங்கள் துவக்கு இல்லை. கட்டைப் பிடங்கோடு வரும் கொம்பக்ற் மொடல்கள் இருக்கின்றன, தகடு வைத்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடங்குகளும் இருக்கின்றன. இடக்கைக்காரருக்கு இடப்பக்கம் போல்ற் வைத்த மொடல்கள் வருகின்றன, கேட்டு வாங்குங்கள்.

பாரம்? 3 கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருப்பது நல்லது. மிகவும் பாரம் குறைந்தது நாள் முழுக்கச் சுமக்க இதமாக இருக்கும், சுடும்போது அந்தக் கணக்கைத் தோளில் தீர்த்துவிடும்.

படி 5: போல்ற்றைக் கையால் பாருங்கள்

கேற்றின் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்துத் தள்ளி மடக்குகிறோமே, போல்ற் வேலை செய்வதும் அப்படித்தான். தூக்கும்போது பூட்டு விடுபடும், இழுக்கும்போது வெற்றுக் கோது வெளியே விழும், தள்ளும்போது மகசினில் இருந்து அடுத்த ரவை குழலுக்குள் போகும், மடக்கியதும் திரும்பப் பூட்டும். ஜேர்மனியின் மவுசர் 98 றைபிள் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

மவுசரும் பழைய வின்செஸ்ரர் 70உம் மகசினில் இருந்து கிளம்பும்போதே ரவையின் அடியைப் பெரிய கொளுக்கியால் பிடித்துக்கொள்ளும். 1962இல் வந்த ரெமிங்ரன் 700 போன்றவை ரவையைத் தள்ளிக்கொண்டு போய் முடிவில்தான் பிடிக்கும். மான் வேட்டைக்கு இரண்டும் சரி. இணையத்தில் இதைப் பற்றி நடக்கும் சண்டைக்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது வேறு. போல்ற்றை மெல்ல அல்ல, உறுதியாகக் கடைசி வரைக்கும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். பாதியில் தேய்கிறதா, சிக்குகிறதா? கைப்பிடியைத் தூக்கும்போது விரல் ஸ்கோப்பில் முட்டுகிறதா? கையுறையோடும் செய்து பாருங்கள். பாதுகாப்புப் பூட்டு போட்டபடியே போல்ற்றைத் திறந்து ரவையை வெளியே எடுக்க முடிந்தால் நல்லது, வேட்டை முடிந்து வெறுமையாக்கும் நேரம் அது உதவும்.

புதிதில் விலை குறைவாக வேண்டுமென்றால் றூகர் அமெரிக்கன் அல்லது சவேஜ். கொஞ்சம் கூடப் போடலாம் என்றால் பின்லாந்தின் ரிக்கா T3x. அதன் போல்ற் போகிற வழுக்கலை ஒருதரம் பார்த்தவர்கள் மற்றதை வாங்கக் கஷ்டப்படுவார்கள்.

பழையதில் கனடா முழுக்கக் கிடைப்பது லீ என்பீல்ட் 303. ஊரில் பெரிசுகள் கேட்டால் "அட, பொலிஸ்காரற்ற த்ரீ நொட் த்ரீ" என்பார்கள், அதேதான். கனடாவின் வட பகுதியில் றேஞ்சர் படையினர் அதைப் பல பத்தாண்டு வைத்திருந்து, 2018 முதல்தான் ரிக்காவை அடிப்படையாகக் கொண்ட C19க்கு மாறினார்கள். மூஸ் வரை விழுத்திய துவக்கு. ஆனால் பழையது எதை வாங்கினாலும் போல்ற்றைக் கழற்றி வெளிச்சத்தில் குழலுக்குள் பாருங்கள். உள்ளே கறள் குழி இருந்தால், வாய் விளிம்பில் அடிபட்டிருந்தால் விட்டுவிடுங்கள். குழலில் பொறித்திருக்கும் ரவைப் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வாங்கிய பிறகு துவக்குத் திருத்துபவரிடம் ஒருதரம் காட்டாமல் சுடாதீர்கள்.

படி 6: ஸ்கோப்

துவக்குக்கு ஆயிரம் டொலர் கொடுத்துவிட்டு அறுபது டொலர் ஸ்கோப் பூட்டுவது காசை ஆற்றில் போடுகிற வேலை. 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீற்றர்) என்று எழுதியிருக்கும் நல்ல கொம்பனி ஸ்கோப் ஒன்று மானுக்குத் தாராளம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 சென்ரிமீற்றர் அளவில் இடைவெளி வேண்டும். கிட்ட வைத்தால் உதைப்பில் புருவம் கிழியும்.

படி 7: சூடு பார்ப்பது

முதலில் 25 மீற்றரில் கடதாசியில் படுகிறதா என்று பாருங்கள், பிறகு 100 மீற்றர். ஒவ்வொரு தடவையும் மூன்று சூடு, மூன்றின் நடுவைப் பார்த்துத்தான் ஸ்கோப்பைத் திருப்ப வேண்டும். கால் மினிற் (இது கோண அளவு) என்று எழுதியிருக்கும் ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக் 100 மீற்றரில் 7 மில்லிமீற்றர் நகர்த்தும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 20 சென்ரிமீற்றர் அகலம் வரும், ஆகவே முப்பது மில்லிமீற்றருக்குள் மூன்றும் விழவில்லையே என்று நித்திரை முழிக்கத் தேவையில்லை. மேசையில் இருந்து சரி வந்ததும் முழங்காலில் இருந்தும் சுட்டுப் பழகுங்கள். காட்டில் மேசை கிடையாது. பழகியதும் வேட்டைக்குக் கொண்டுபோவதும் ஒரே வகை ரவையாக இருக்கட்டும்.

குளிருக்கு முதல் போல்ற்றுக்குள் இருக்கும் தடித்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், உறைந்தால் ஊசி மெதுவாக அடித்து ரவை வெடிக்காமல் போகும். வெளியே மைனஸ் 15இல் நின்றுவிட்டுத் துவக்கைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு முழுக்க வியர்த்துத் தண்ணீர் வடியும். ரவையை வெளியிலேயே எடுத்துவிட்டு, வீட்டுக்குள் போல்ற்றைக் கழற்றி, குழலுக்குள் உலர்ந்த துணி விட்டுத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, விசைக்குப் பூட்டுப் போட்டு வையுங்கள். ரவைப் பெட்டி வேறு இடத்தில், பூட்டோடு.